பதில்: அப்பாவுக்கு அடைப்பு கரைக்கும் சூரணம் அனுப்பலாமா?

வணக்கம் அண்ணே. அறந்தாங்கிப் பக்கம் கிராமத்தில் இருக்கும் அப்பாவுக்கு நெஞ்சுவலி வந்து போனது, பெரிய ஆஸ்பத்திரி தூரம், அதனால் இங்கே சிங்கப்பூரில் தெரிந்தவர் விற்கும் 'அடைப்பைக் கரைக்கும்' சூரணத்தை ஊருக்குப் போகிறவரிடம் கொடுத்தனுப்பலாமா என்று கேட்டிருந்தீர்கள்.

வேண்டாம். சூரணம் ரத்தக்குழாய் அடைப்பைக் கரைக்கும் என்பதற்கு ஆதாரம் கிடையாது. வெறும் மூலிகை என்று விற்ற சரக்கில் டெக்ஸாமெத்தசோன் கலந்திருந்ததைச் சிங்கப்பூர் சுகாதார அறிவியல் ஆணையம் பலமுறை கண்டுபிடித்து எச்சரித்திருக்கிறது. அது ஸ்டீராய்டு. சாப்பிட்டதும் உடம்பு தெம்பாகத் தெரியும், சர்க்கரையும் பிரஷரும் சத்தமில்லாமல் ஏறும். இதய நோயாளிக்கு இது தேவையா?

வலி நின்றுவிட்டது என்று விடாதீர்கள். இன்றைக்கே யாரையாவது அழைத்துப்போகச் சொல்லி ஈசிஜி எடுங்கள்.

தூரம்தான் உண்மையான பிரச்சினை. 2023இல் தமிழ்நாடு அரசு தொடங்கிய 'இதயம் காப்போம்' திட்டத்தில், ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே ஆஸ்பிரின், க்ளோபிடோக்ரெல், அட்டோர்வாஸ்டாட்டின் என மொத்தம் 14 மாத்திரைகளை முதல் டோஸாகக் கொடுத்துப் பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்புகிறார்கள். உங்கள் ஊர் நிலையத்தில் அது இருப்பில் உண்டா, ராத்திரியில் யார் இருப்பார்கள் என்று இப்போதே விசாரித்து வையுங்கள். அவர்களாகச் சொல்லமாட்டார்கள், நாம்தான் கேட்க வேண்டும்.

அப்புறம், வாயுப்பிடிப்பு என்று சோடா குடித்துவிட்டுப் படுப்பார்களே, அப்படிச் செய்யக்கூடாது என்று அம்மாவிடம் கண்டிப்பாகச் சொல்லிவையுங்கள். வியர்வை, மூச்சுத்திணறல், இடது கையிலோ தாடையிலோ வலி என்றால் உடனே 108. சூரணத்துக்கு எடுத்துவைத்த காசை எக்கோ (இதய ஸ்கேன்) செலவுக்கு அனுப்பிவிடுங்கள்.