கூடுதல் எடையும் வைரஸ் காய்ச்சலும்: நுரையீரல் மருத்துவரிடம் கேளுங்கள்

தீவிர சிகிச்சைப் பிரிவில் பணியாற்றும் நுரையீரல் மருத்துவர் ஒருவர் வாசகர்களின் கேள்விகளுக்குப் பதில் சொல்கிறார்.

குண்டாக இருப்பவர்களை ஃப்ளூ, கோவிட் எல்லாம் சீக்கிரம் பிடித்துக்கொள்ளுமா?

எடையின் வேலை பெரும்பாலும் தொற்றிய பிறகுதான் தெரியும். ஒல்லியானவருக்கும் அதே வைரஸ்தான் வருகிறது, அடுத்த பத்து நாள் எப்படிப் போகிறது என்பதில்தான் வித்தியாசம்.

கொழுப்பு வயிற்றில் இருக்கிறது, வைரஸ் நுரையீரலில் இருக்கிறது. இரண்டுக்கும் என்ன சம்பந்தம்?

இன்று வந்ததில் எனக்குப் பிடித்த கேள்வி, கொஞ்சம் நீளமாகச் சொல்கிறேன்.

முதலில் இடப் பிரச்சினை. சாதாரணமாக மூச்சை விட்ட பிறகும் நுரையீரலுக்குள் கணிசமான காற்று மிச்சம் இருக்கும். அதுதான் நம் கையிருப்பு. வயிற்றுக் கொழுப்பு உதரவிதானத்தை மேலே தள்ளும்போது இந்தக் கையிருப்பு சுருங்குகிறது. பி.எம்.ஐ. (உயரத்துக்கு ஏற்ற எடையைச் சொல்லும் எண்) 20 இருப்பவரோடு ஒப்பிட்டால் 30 இருப்பவருக்கு இது ஏறக்குறைய முக்கால் பங்குதான். மல்லாந்து படுத்தால் இன்னும் குறையும். நுரையீரலின் அடிப்பகுதியில் சிறு காற்றறைகள் மூடிக்கொள்ளும். அங்கே ரத்தம் போகும், காற்று போகாது. ஆரோக்கியமாக இருக்கும்வரை உடல் இதைச் சமாளித்துக்கொள்ளும். நிமோனியா சேர்ந்தால் ஆக்சிஜன் சட்டென்று இறங்குவது இதனால்தான்.

அடுத்தது நோய் எதிர்ப்பு. கொழுப்புத் திசு வெறும் சேமிப்புக் கிடங்கு இல்லை. லெப்டின், ஐ.எல்-6 போன்ற அழற்சியைத் தூண்டும் பொருட்களைச் சுரந்துகொண்டே இருக்கும். அதனால் மெல்லிய அழற்சி ஒன்று எப்போதும் ஓடிக்கொண்டிருக்கும். ஆனால் வைரஸ் நுழைந்த முதல் நாட்களில் வேண்டிய, வைரஸைத் தடுக்கும் இன்டர்ஃபெரான் என்ற புரதம் மட்டும் மந்தமாகவோ தாமதமாகவோ வரும். வைரஸ் தங்கும் நாளும் நீள்கிறது: நிகரகுவாவில் நடந்த ஓர் ஆய்வில், இன்ஃபுளுவென்சா ஏ வந்து அறிகுறி இருந்த பெரியவர்களில், பருமனானவர்கள் 42% அதிக காலம் வைரஸை வெளியேற்றினார்கள். குழந்தைகளிடம் இந்த வித்தியாசம் தெரியவில்லை. கோவிட் வைரஸ் கொழுப்பு செல்களுக்குள்ளேயே நுழையும் என்றும் 2022இல் காட்டியிருக்கிறார்கள். இதோடு ரத்தம் உறையும் போக்கு, சர்க்கரை, உறக்கத்தில் மூச்சடைப்பு ஆகியவற்றையும் கூட்டிக்கொள்ளுங்கள்.

என் பி.எம்.ஐ. 27. பயப்பட வேண்டுமா?

பயம் வேண்டாம், கவனம் போதும். பிரிட்டனில் 69 லட்சம் பேரை வைத்து கோவிட் முதல் அலையில் பார்த்த ஆய்வில், பி.எம்.ஐ. 23ஐத் தாண்டியதிலிருந்தே மருத்துவமனையில் சேரும் வாய்ப்பு படிப்படியாக ஏறியது. ஆனால் நீங்கள் இளவயதுக்காரர் என்றால் அடிப்படை ஆபத்தே சிறியது. சிறியது கொஞ்சம் ஏறினாலும் சிறியதுதான். மரணத்தைப் பொறுத்தவரை எடையைவிட வயது பல மடங்கு பெரிய காரணி. பி.எம்.ஐ. 40க்கு மேல் போனால் கதை வேறு. வயதையும் பிற நோய்களையும் கணக்கில் எடுத்த பிறகும் கோவிட் மரண ஆபத்து ஏறக்குறைய இரு மடங்கு.

எனக்கு 26. / எனக்கு 29.5. / என் கணவருக்கு 31.

மேலே உள்ள பதில்தான். எண்ணை மாற்றிக் கேட்டால் பதில் மாறாது. இடுப்பை அளந்து பாருங்கள், அது இன்னும் உபயோகமானது.

டாக்டர், ஐ.சி.யூ.வில் பருமனானவர்கள்தான் அதிகம் பிழைக்கிறார்கள் என்று ஆய்வுகள் இருக்கின்றனவே? நீங்கள் வீணாகப் பயமுறுத்துகிறீர்கள்.

ஆய்வுகள் இருப்பது உண்மை. 'உடற்பருமன் முரண்' என்பார்கள். ஆனால் அவை ஐ.சி.யூ. வாசலைத் தாண்டியவர்களை மட்டும் எண்ணுகின்றன. எடை அதிகமுள்ளவர் லேசான பாதிப்பிலேயே உள்ளே வந்துவிடுகிறார். ஒல்லியானவர் வருவதற்கு நோய் மிக முற்றியிருக்க வேண்டும், அல்லது அவர் புற்றுநோயிலோ நாள்பட்ட நுரையீரல் நோயிலோ இளைத்தவராக இருப்பார். இந்த இருவரையும் ஒப்பிட்டு எடை காப்பாற்றுகிறது என்றால் எப்படி?

(அதே வாசகர்) பிற நோய்களைக் கழித்துத்தான் கணக்குப் போடுகிறார்கள். நான் புள்ளியியல் படித்தவன்.

மகிழ்ச்சி. அப்படியானால் வாசலில் நடந்த தேர்வைப் பின்னால் கழிக்க முடியாது என்பது என்னைவிட உங்களுக்கு நன்றாகத் தெரியும். இன்னொன்றும் உண்டு. அடிப்பகுதி காற்றறைகள் மூடியதாலேயே பருமனானவரின் ஆக்சிஜன் குறையும், எக்ஸ்ரேயில் நிழலும் விழும். உண்மையான சேதம் குறைவாக இருந்தும் 'கடும் நுரையீரல் பாதிப்பு' என்ற பெயர் கிடைத்துவிடும். அப்புறம் அவர் பிழைப்பதில் என்ன அதிசயம்?

(வேறொருவர்) அவர் சொல்வதிலும் நியாயம் இருக்கிறதே. நீண்ட நோயில் கொழுப்பு ஒரு சேமிப்பு இல்லையா?

இருக்கலாம், அதை நான் மறுக்கவில்லை. வாரக்கணக்கில் வென்டிலேட்டரில் கிடப்பவரின் உடல் உருகுகிறது, கையிருப்பு உள்ளவர் தாங்கலாம். ஆனால் உங்களுக்கான கேள்வி 'ஐ.சி.யூ.வுக்குள் போன பிறகு என்ன?' என்பது இல்லை, 'போகாமல் இருப்பது எப்படி?' என்பதுதான். மொத்த மக்கள்தொகையை எடுத்தால் முரண் எதுவும் இல்லை. 2009 எச்1 என்1 கொள்ளைநோயிலேயே இது தெளிவாகத் தெரிந்துவிட்டது.

(புள்ளியியல் வாசகர்) எனக்கு இன்னும் உடன்பாடில்லை.

சரி. தனியாக எழுதுங்கள், வரிசையில் மற்றவர்கள் காத்திருக்கிறார்கள்.

காய்ச்சல் வந்திருக்கிறது. இந்த வாரமே பட்டினி இருந்து எடையைக் குறைக்கவா?

வேண்டவே வேண்டாம். ஒவ்வொரு முறையும் சொல்கிறேன்: நோயில் கிடக்கும்போது எடை குறைக்காதீர்கள். அப்போது கரைவதில் தசையும் சேர்த்தி, மூச்சுத் தசையும் அதில் அடக்கம். நீர், புரதம், ஓய்வு. படுக்கும்போது தலைப்பக்கத்தை உயர்த்துங்கள் அல்லது ஒருக்களித்துப் படுங்கள். ஆக்சிமீட்டர் 94க்குக் கீழ் வந்தால் மருத்துவரைப் பாருங்கள். கருமையான தோலில் அந்தக் கருவி சற்றுக் கூட்டிக் காட்டலாம். எண் நன்றாக இருந்தும் மூச்சு வாங்கினால் மூச்சைத்தான் நம்ப வேண்டும்.

எடையைக் குறைத்துவிட்டுத் தடுப்பூசி போட்டால் நன்றாக வேலை செய்யுமாமே?

காத்திருக்காதீர்கள். ஃப்ளூ தடுப்பூசி போட்டவர்களிலும் பருமனானவர்களுக்கு ஃப்ளூவோ அதைப் போன்ற காய்ச்சலோ வரும் வாய்ப்பு இரு மடங்கு இருந்ததாக ஓர் ஆய்வு உண்டு. பாதுகாப்பு கொஞ்சம் குறைகிறது, அவ்வளவுதான். குறைந்த பாதுகாப்பும் இல்லாமல் எடை குறையும்வரை உட்கார்ந்திருப்பதில் என்ன லாபம்? கை பருமனாக இருந்தால் நீளமான ஊசி வேண்டுமா என்று மட்டும் கேளுங்கள், மருந்து தசைக்குள் போக வேண்டும்.

எடை குறைத்தால் உண்மையில் பலன் உண்டா? இல்லை, எல்லாம் ஊகம்தானா?

உண்டு. அறுவை சிகிச்சையால் முன்பே எடை குறைத்தவர்களை கிளீவ்லேண்ட் கிளினிக் ஆராய்ந்தது. மற்றவர்களுக்கு வந்த அளவுக்கே அவர்களுக்கும் கோவிட் வந்தது, தீவிரமானது மட்டும் 60% குறைவு. இதயநோய் உள்ள 17,604 பேரிடம் நடந்த செமாகுளூடைட் (எடை குறைக்கும் ஊசி மருந்து) சோதனையில் மருந்து எடுத்த குழுவில் கோவிட் மரணம் 43, போலி மருந்துக் குழுவில் 65. அதில் எவ்வளவு எடையால், எவ்வளவு மருந்தால் என்பது தனி விவாதம்.

அப்படியானால் செமாகுளூடைட் நான் எவ்வளவு போட்டுக்கொள்ளலாம்?

உங்களை நேரில் பார்க்கும் மருத்துவரிடம் கேளுங்கள்.

எனக்கு பி.எம்.ஐ. 28…

மூன்றாவது பதில்.