வேர் வந்தாச்சு, தொட்டி வரலை!

கே: ஆன்லைனில் வாங்கிய ஆறு ரோஜாவும் மண்ணில்லாமல் வெறும் வேரோடு வந்திருக்கின்றன. மாடியில் தொட்டி வைக்க இன்னும் பத்து நாள் ஆகும். தாங்குமா? (வாசகி, அஸ்தம்பட்டி)

ப: தாங்கும். ஆனால் பார்சலோடு மூலையில் போட்டுவிடாதீர்கள். நம் ஊர்ச் சூட்டில் துளிர்விட்டு, சேமித்து வைத்த சத்தையெல்லாம் தின்றுவிடும். இன்றே பிரித்து, ஒடிந்த வேரையும் கறுத்து வழவழக்கும் வேரையும் வெட்டிவிடுங்கள். நனைத்துப் பிழிந்த செய்தித்தாளை வேரில் சுற்றி, நாலைந்து ஓட்டை போட்ட பிளாஸ்டிக் கவரில் வைத்து, ஃபிரிட்ஜின் காய்கறி டிரேயில் படுக்க வையுங்கள். 2 முதல் 4 டிகிரி போதும், ஃப்ரீசர் கூடாது. தாளில் ஈரம் இருக்கலாம், சொட்டக் கூடாது. சொட்டினால் சாம்பல் பூஞ்சை பிடிக்கும். அதே டிரேயில் ஆப்பிளோ வாழைப்பழமோ வேண்டவே வேண்டாம். பழம் விடும் எத்திலீன் வாயு உறங்கும் மொட்டுக் கண்களைக் கெடுத்துவிடும். மூன்று நாளுக்கொரு முறை பிரித்துப் பாருங்கள். வெளுத்த துளிர் நீண்டுவிட்டால் தொட்டிக்குக் காத்திராமல் கிடைத்த சிமென்ட் பையிலாவது நட்டுவிடுங்கள். நடுவதற்கு முன் 8 முதல் 12 மணி நேரம் வேரை ஊற வையுங்கள்.

கே: இருபது செடிகள். ஃபிரிட்ஜில் இடமில்லை. (வாசகர், நாகலூர், ஏற்காடு)

ப: ஏற்காட்டுக் குளிரில் ஃபிரிட்ஜ் எதற்கு? சில்வர் ஓக் நிழலில், தண்ணீர் தேங்காத இடமாகப் பார்த்து ஓர் அடி ஆழத்துக்குச் சரிவாகப் பள்ளம் எடுங்கள். செடிகளைச் சாய்த்து வைத்து, ஒட்டுக்கட்டு (ஒட்டுப்போட்ட இடத்து முடிச்சு) மறையும்வரை மண் தள்ளி, மிதித்து, ஒரு தடவை தண்ணீர் விடுங்கள். செடிகள் கட்டாக வந்திருந்தால் அதைப் பிரித்து ஒவ்வொன்றாக வையுங்கள். கட்டோடு புதைத்தால் நடுவில் இருக்கும் செடிக்கு மண் எட்டாது, அதுதான் முதலில் காயும்.

கே: ஐந்து நாளாக பக்கெட் தண்ணீரில் வைத்திருக்கிறேன். நாறுகிறது. (வாசகர், ஓமலூர்)

ப: தாமரை வாங்கியிருக்கலாம், தம்பி. 24 மணி நேரம் தாண்டினாலே வேருக்கு மூச்சு முட்டும். நகத்தால் பட்டையைக் கீறுங்கள். பச்சை தெரிந்தால் அழுகலை வெட்டிவிட்டு இன்றே நடுங்கள். பழுப்பென்றால் அடுப்புக்கு. குழி எப்போது வெட்டுவோம் என்றே தெரியாமல் ஏன் ஆர்டர் போடுகிறீர்கள்?

கே: நீல ரோஜா, 499 ரூபாய். நம்பலாமா? (ஆத்தூர்)

ப: கூடாது. படத்தில் இருப்பது சாயம், அல்லது எடிட்டிங். நீலம் என்று பெயர் வைத்த ரகங்களும் இளம் ஊதாதான். நான் வாங்கிய 'நீல ரோஜா' விதையில் கீரை முளைத்தது.

கே: பத்தில் ஏழு காய்ந்த குச்சி. "உயிருள்ள பொருளுக்கு ரிட்டர்ன் இல்லை" என்கிறார்கள். (வாசகி, அம்மாபேட்டை)

ப: இந்த ஒற்றை வரியைப் படித்தாலே எனக்குப் பற்றிக்கொண்டு வரும். உயிரோடு அனுப்பியிருந்தால்தானே அம்மா அது உயிருள்ள பொருள்! 2020 மின்வணிக விதிகளின்படி, பழுதான பொருளையோ, விளம்பரத்தில் சொன்னபடி இல்லாத பொருளையோ திரும்ப வாங்க மாட்டேன், பணம் தர மாட்டேன் என்று விற்பவர் சொல்ல முடியாது. சொன்ன தேதி தாண்டி வந்த பொருளுக்கும், தாமதம் யார் கையிலும் இல்லாத காரணத்தால் வந்ததாக இல்லாவிட்டால், அதே விதிதான். வேர்ச்செடி கூரியரில் காய்வதே பெரும்பாலும் தாமதத்தால்தான், அதனால் ஆர்டரில் போட்டிருந்த டெலிவரி தேதியைத் தேடி எடுத்து வையுங்கள். பட்டையைக் கீறி, பழுப்பு தெரிய ஒவ்வொரு குச்சியையும் பார்சல் லேபிளோடு சேர்த்துப் படம் எடுங்கள். தளத்தின் குறைதீர் அலுவலருக்கு எழுதுங்கள்: 48 மணி நேரத்தில் ஒப்புகை தரவேண்டும், ஒரு மாதத்தில் தீர்க்கவேண்டும். நகரவில்லையா, தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-க்கு அழையுங்கள். அதற்கும் அசையாவிட்டால் சேலம் மாவட்ட நுகர்வோர் ஆணையம் இருக்கிறது. விற்றவர் எந்த ஊராக இருந்தாலும் நீங்கள் வசிக்கும் ஊரிலேயே வழக்குப் போடலாம். கொடுத்த விலை 5 லட்சம் ரூபாய் வரை என்றால் கட்டணமே கிடையாது. கெடு இரண்டு ஆண்டு. அதுவரை அந்த ஏழு குச்சியையும் குப்பையில் போட்டுவிடாதீர்கள்.