அந்த பதினஞ்சாவது நிமிஷ கோல்

வணக்கம் சார். உலகக் கோப்பை ஃபுட்பால்ல முதல் ஹாட்ரிக் (ஒரே மேட்ச்ல ஒரே ஆள் மூணு கோல்) அடிச்சது அர்ஜென்டினாவோட ஸ்டாபிலேன்னுதான் நான் ஸ்கூல்ல படிக்கறப்ப வாங்கின பொது அறிவு புக்குல இருக்கு. என் பையன் போன்ல தேடிட்டு இல்லப்பா, அமெரிக்காக்காரர் பேட்டனோட்ங்கறான். எது சரி? ரெண்டு பேரையுமே நம்ம ஊர்ல யாருக்கும் தெரியாது, ரெக்கார்டு புக்குல ஒரு வரி, அதுக்குப் போய் இவ்ளோ சண்டை தேவையா?
மதுரையிலிருந்து ஒரு வாசகர்

வணக்கம். பையன் சொல்றதுதான் சரி. அதுக்காக உங்க புக்க பழைய பேப்பர் கடையில போட்டுடாதீங்க, அது அச்சானப்ப எல்லாரும் அப்படித்தான் எழுதிட்டிருந்தாங்க. இதுல நானே நல்லா மாட்டிருக்கேன். ஒரு காலேஜ்ல க்விஸ் நடத்தக் கூப்பிட்டாங்க, இதே கேள்வியக் கேட்டேன், ஒல்லியா ஒரு பையன் எந்திரிச்சு பேட்டனோட்னான், நான் கையில இருந்த அட்டையப் பாத்துட்டு தப்புன்னு அடுத்த டீமுக்கு தள்ளிட்டேன், அவங்க ஸ்டாபிலேன்னு சொல்லி பத்து மார்க்க வாங்கிட்டுப் போயிட்டாங்க. வீட்டுக்கு வந்து பாத்தாதான் தெரியுது. அந்தப் பையன் மூஞ்சி இன்னும் ஞாபகம் இருக்கு.

விஷயம் இதுதான். 1930 ஜூலை 17, முதல் உலகக் கோப்பை, உருகுவே நாட்டு மான்டிவிடியோ, அமெரிக்கா பராகுவேய 3-0ன்னு ஜெயிச்சுது. பெர்ட் பேட்டனோட்டுக்கு அப்ப 20 வயசு, மாசசூசெட்ஸ்ல ஃபால் ரிவர்னு ஒரு பஞ்சாலை ஊர்ப் பையன். பத்தாவது நிமிஷ கோலும் அம்பதாவது நிமிஷ கோலும் அவரோடதுங்கறதுல தகராறு இல்ல. நடுவுல பதினஞ்சாவது நிமிஷத்துல விழுந்ததுதான் சிக்கல், ஒருத்தர் அத அமெரிக்க கேப்டன் டாம் ஃப்ளோரி கணக்குல எழுதினாரு, இன்னொருத்தர் பராகுவேக்காரர் தன் டீம் பக்கமே தவறிப் போட்டுக்கிட்ட ஓன் கோல்னு எழுதினாரு. டிவி கிடையாது, ஜெர்சியில நம்பர் கூட கிடையாது (உலகக் கோப்பைக்கு நம்பர் வந்ததே 1950லதான்), கூட்டத்துல யார் கால்ல பட்டுச்சுன்னு பிரஸ் பாக்ஸ்ல இருந்தவர் குத்துமதிப்பா எழுதினதுதான் சரித்திரம். ரெண்டே நாள் கழிச்சு, 19ஆம் தேதி, ஸ்டாபிலே மெக்சிகோவுக்கு எதிரா மூணு அடிச்சார், முதல் ஹாட்ரிக்னு பேர் அவருக்குப் போயிடுச்சு.

கூட ஆடினவங்க சொன்னது, பழைய பேப்பர் ரிப்போர்ட்டுன்னு ஒண்ணொண்ணா தோண்டி எடுத்து கடைசியா 2006 நவம்பர் 10ஆம் தேதி உலக ஃபுட்பால் சங்கமான ஃபிஃபா ஒத்துக்கிச்சு, மூணும் பேட்டனோட் அடிச்சதுதான்னு. மனுஷன் 1974 நவம்பர் 4ஆம் தேதியே போய்ச் சேந்துட்டார், அதுவும் சரியா அவரோட 65ஆவது பிறந்த நாள்ல. 32 வருஷம் லேட்டு. நம்ம ஊர்ல பட்டா பேர் மாத்தறது கூட இதவிட சீக்கிரம் நடக்கும்.

அதனால சண்டை தேவையான்னா, தேவைதாங்க. ஸ்டாபிலேவுக்கு இதுல நஷ்டமே இல்ல, அந்தக் கோப்பையில 4 மேட்ச்ல 8 கோல், டாப் ஸ்கோரர், அத யாரும் புடுங்க முடியாது. இத்தனைக்கும் முதல் மேட்ச்ல அவர் டீம்லயே இல்ல, கேப்டன் ஃபெரெய்ரா பரீட்சை எழுத ஊருக்குக் கிளம்பிட்டதாலதான் உள்ள வந்தாரு, அர்ஜென்டினாவுக்கு அவர் ஆடினதே மொத்தம் அந்த நாலு மேட்ச்தான்! பேட்டனோட்டுக்கு இருந்தது அந்த ஒரு வரி, அதையும் வேற பேர்ல எழுதி வச்சா எப்படி?

பையன் இவ்ளோ ஆர்வமா தேடறான்னா அவனுக்கு ஒரு கேள்வி. 1956 மெல்போர்ன் ஒலிம்பிக்ஸ்ல இந்தியா ஆஸ்திரேலியாவ 4-2ன்னு அடிச்சுது, நெவில் டிசோசா ஹாட்ரிக், ஒலிம்பிக்ஸ்ல ஒரு ஆசியாக்காரர் அடிச்ச முதல் ஹாட்ரிக் அது, செமி ஃபைனலுக்கே போனோம். மூணு டிசோசா, சரி, நாலாவது கோல் யாரு? போனத் தொடாம சொல்லச் சொல்லுங்க. கிட்டுன்னு சொன்னான்னா என் கணக்குல பத்து மார்க் போட்டுடுங்க, ஏற்கனவே ஒருத்தனுக்கு பத்து மார்க் பாக்கி வச்சிருக்கேன்.