ஜெர்மன் ராணுவ பக்கிள்: முதலில் திருப்பிப் பாருங்கள்

கே: நடுவில் கிரீடம், சுற்றி 'காட் மிட் உன்ஸ்' (கடவுள் நம்மோடு) என்று எழுத்து. இரும்பு பெல்ட் பக்கிள். அசலா?

ப: முன்பக்கப் படம் மட்டும் அனுப்பினால் எப்படி? கிரீடம் என்றால் பிரஷ்யா, அன்றைய ஜெர்மன் ராஜ்யங்களில் பெரியது. 1847இல் வந்த பக்கிள் வடிவம் அது. பழையவை பித்தளை, மேலே ஜெர்மன் சில்வர் (வெள்ளி நிறக் கலப்பு உலோகம்) வட்டம் தனியாகப் பற்றவைத்திருக்கும். முதல் உலகப் போரில் 1915 முதல் ஒரே இரும்புத் தகட்டை அச்சில் அடித்து, சாம்பல் பச்சை பூசினார்கள். அதைத் திருப்பினால், முன்னால் மேடாக இருக்கும் கிரீடம் பின்னால் பள்ளமாகத் தெரியும். பின்பக்கம் தட்டையாக, ஊசிமுனைக் குழிகளோடு இருந்தால் வார்ப்பு. அதாவது போலி.

கே: பிராஸோ பாலிஷ் போட்டுத் தேய்க்கலாமா?

ப: கூடாது.

கே: என்ன விலை போகும்?

ப: விலை சொல்வதில்லை.

கே: 'கடவுள் நம்மோடு' என்பது நாஜி வாசகம். அதையா சேகரிக்கிறீர்கள்?

ப: ஹிட்லர் பிறப்பதற்கு 40 வருஷம் முன்பே பிரஷ்ய வீரன் இடுப்பில் இருந்த வாசகம் அது. மற்ற ஜெர்மன் ராஜ்யங்களுக்கு வேறு வாசகம்: பவேரியாக்காரன் பக்கிளில் 'விசுவாசத்தில் உறுதி', வூர்ட்டம்பெர்க்கில் 'அஞ்சாமல், உண்மையாக'. சாக்சனிக்காரர்கள் லத்தீனில் எழுதிக்கொண்டார்கள். நாஜிக் கட்சியின் எஸ்எஸ் படையோ கடவுளையே விட்டுவிட்டு 'விசுவாசமே என் மானம்' என்று போட்டுக்கொண்டது.

கே: ஹிட்லரின் தரைப்படையும் 'காட் மிட் உன்ஸ்' அணிந்ததே! மழுப்பாதீர்கள்.

ப: அணிந்தது, மறுக்கவில்லை. 1936 முதல் அதே வாசகத்துக்கு நடுவில் ஸ்வஸ்திகாவைப் பிடித்த கழுகு. நான் சொன்னது வாசகத்தின் வயதை. அணிந்தவர்களுக்கு நற்சான்றிதழ் தரவில்லை. ஜெர்மனியில் இன்றும் ஸ்வஸ்திகாவையும் அந்த எஸ்எஸ் வாசகத்தையும் பொது இடத்தில் காட்டுவது குற்றம், ஆராய்ச்சி போன்ற சில விலக்குகள் தவிர. என் அலமாரி 1918ஓடு முடிகிறது. சரி, பக்கிளுக்குத் திரும்புவோமா?

கே: எஸ்எஸ் பக்கிள் ஒன்று மலிவாகக் கிடைக்கிறது...

ப: மலிவாகவா? போலிகள் குவிவதே அங்கேதான். அதற்கென்று இருப்பவர்களிடம் கேளுங்கள், நான் தொடுவதில்லை.

கே: பக்கிளுக்குப் பின்னால் தைத்த தோல் நாக்கில் (சிறு தோல் துண்டு) 1940 என்று முத்திரை இருக்கிறது. போதுமா?

ப: போதாது. தோலில் முத்திரை குத்த யாருக்கும் தெரியும். பழைய நாக்கைப் புது பக்கிளில் தைத்தும் விற்கிறார்கள். தையல் துளைகளையும், கொக்கி உராய்ந்த தேய்மானத்தையும் பாருங்கள்.

கே: துரு பிடித்திருக்கிறது, பாலிஷ் செய்து...

ப: பிராஸோவுக்குச் சொன்ன பதிலே இதற்கும்.

கே: 1914இல் சென்னையைக் குண்டு வீசித் தாக்கிய எம்டன் மாலுமியின் பக்கிள் என்று வாங்கினேன். கப்பல் பெயரே பொறித்திருக்கிறது!

ப: கப்பல் பெயர் வருவது மாலுமியின் தொப்பிப் பட்டையில். பக்கிளில் பெயர் வெட்டியது யாரோ பிற்காலத்து ஆசாமி. உங்களிடம் விற்றவர்தான் சரியான எம்டன்.

கே: அவர் தாத்தா துறைமுகத்தில் வேலை பார்த்தவராம்...

ப: தாத்தா இருக்கட்டும். பின்பக்கப் படம் எங்கே?