வேலையில் கிடைக்கும் சந்தோசம் நிலைக்குமா?

கேள்வி கேட்டவர் கொழும்பில் ஒரு தனியார் கம்பெனியில் மூன்று வருடமாக இருப்பதாகவும், சம்பளம் பரவாயில்லை, மனம்தான் வெறுத்துப்போய்விட்டது என்றும் எழுதியிருக்கிறார். மட்டக்களப்புக்குத் திரும்பி வந்து அரச வேலை ஒன்று எடுத்தால் நிம்மதியாக இருக்கலாம் என்று வீட்டில் சொல்கிறார்களாம். வேலையில் நிலையான சந்தோசம் கண்டவர்கள் உண்மையிலேயே இருக்கிறார்களா என்பதுதான் அவருடைய கேள்வி.

இருக்கிறார்கள். என் கண்ணால் பார்த்திருக்கிறேன். ஆனால் வேலை கிடைத்துவிட்டது என்ற சந்தோசம் யாருக்கும் நிலைத்ததை நான் இதுவரை பார்க்கவில்லை. இந்த இரண்டும் வேறு வேறு. அதை உங்கள் வீட்டில் யாரும் பிரித்துச் சொல்லமாட்டார்கள் என்பதால்தான் கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன்.

எங்கள் ஊரில் அரச வேலைக்கு இருக்கிற மதிப்பு உங்களுக்குத் தெரியாததில்லை. கலியாணப் பேச்சில் அதுதான் முதல் கேள்வி. 2017இல் மட்டக்களப்புக் காந்தி பூங்காவுக்கு முன்னால் வேலையற்ற பட்டதாரிகள் மாதக்கணக்காகச் சத்தியாக்கிரகம் இருந்ததை நீங்களும் செய்தியில் பார்த்திருப்பீர்கள். வந்தாறுமூலையில், கிழக்குப் பல்கலைக்கழகத்தில், என்னோடு படித்த பலர் அந்தக் கொட்டகைக்குள் வெயிலிலும் மழையிலும் இருந்தார்கள். எனக்கு 2018இல் நியமனக் கடிதம் வந்தது. முதல் ஒரு வருடம் பயிற்சி, மாதம் 20,000 ரூபாய் கொடுப்பனவு, அதன் பிறகு அபிவிருத்தி உத்தியோகத்தர். அம்மா அன்றைக்கே மாமாங்கப் பிள்ளையாருக்குத் தேங்காய் உடைக்கப் போய்விட்டார். அந்தச் சந்தோசத்தைக் குறைவாகச் சொல்ல எனக்கு மனம் வராது. வீட்டில் கடன் இருந்தது, தம்பி படித்துக்கொண்டிருந்தான். மாத முடிவில் காசு வரும் என்ற நம்பிக்கை எங்கள் வீட்டின் பேச்சையே மாற்றியது.

ஆனால் எனக்குக் கிடைத்த முதல் இடத்தில் வேலை இல்லை. உத்தியோகத்தர்களின் எண்ணிக்கைக்கு ஏற்ற கதிரைகூட இல்லை. காலையில் கையெழுத்து, பிறகு பேப்பர், பிறகு ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக் கதைத்தல், பின்னேரம் மறுபடி கையெழுத்து. வெளியே இருந்து பார்க்கிறவர்கள் “சும்மா இருந்து சம்பளம் எடுக்கிறீங்க, உங்களுக்கென்ன” என்றார்கள். அந்தச் சும்மா இருப்பு மனிதரை என்ன செய்யும் என்பது அதற்குள் இருந்து பார்த்தவர்களுக்குத்தான் தெரியும். வீட்டுக்கு வந்தால் ஒரு புத்தகம் எடுக்க மனம் வராது. உடம்பு அலுக்கவில்லை, ஆனாலும் எதிலும் கை போகாது.

சமூகவியல் படித்தபோது மரியந்தால் என்ற ஊரைப் பற்றி ஒரு பாடம் இருந்தது. ஒஸ்திரியாவில், வியன்னாவுக்குக் கிட்டிய ஒரு சிற்றூர். ஊர் முழுக்க ஒரே ஒரு நெசவு ஆலையை நம்பி வாழ்ந்தது. 1929, 1930 நெருக்கடியில் ஆலை மூடப்பட்டது. மேரி யகோடா, பால் லாசர்ஸ்ஃபெல்ட், ஹான்ஸ் சைசல் ஆகியோரின் குழு அந்த ஊருக்குப் போய் மக்களோடு பழகி ஆராய்ந்து, 1933இல் முடிவை வெளியிட்டது. நேரம் மிஞ்சினால் மனிதர் நிறையப் படிப்பார்கள், ஊர்க்காரியங்களில் இறங்குவார்கள் என்றுதானே நினைப்போம்? அங்கே தலைகீழாக நடந்தது. நூலகத்தில் காசு வாங்குவதை நிறுத்திய பிறகும் இரவல் எடுப்பவர்கள் குறைந்துபோனார்கள். ஆண்கள் தெருவில் நடக்கிற வேகம்கூடக் குறைந்திருந்ததைக் கடிகாரம் வைத்து அளந்திருக்கிறார்கள். பெண்களுக்கு மட்டும் வீட்டு வேலை இருந்ததால் அவர்களுடைய நாள் குலையவில்லை. படித்தபோது பரீட்சைக்காகப் படித்தேன். கந்தோரில் வேலையில்லாமல் இருந்த மாதங்களில்தான் அது எனக்கு விளங்கியது. எங்களுக்குச் சம்பளம் இருந்தது, அவர்களுக்கு அது இல்லை. அது பெரிய வித்தியாசம். ஆனால் நாளுக்கு ஒரு உருவம் இல்லாமல் போவது இரண்டு இடத்திலும் ஒன்றுதான்.

பிறகு இடம் மாறினேன். மட்டக்களப்பு வாவிக்கு மேற்கே, படுவான்கரைப் பக்கம். அங்கே நான் இருந்தது மக்கள் வந்து நிற்கிற மேசை. முதியோர் கொடுப்பனவு, அடையாள அட்டை, பிறப்புப் பதிவு என்று வருகிறவர்களுக்கு எந்தக் கடிதம், எந்தப் படிவம் என்று பார்த்துக் கொடுக்கவேண்டும்.

அந்தப் பக்கத்து வயதானவர்களிடம் பத்திரம் கேட்பது லேசான காரியம் இல்லை. யுத்தத்தில் இடம்பெயர்ந்தபோது ஒரு பகுதி போனது, வெள்ளத்தில் இன்னொரு பகுதி. இருப்பதிலும் பெயர் ஒத்துவராது. அடையாள அட்டையில் கண்ணம்மை, மகனின் பிறப்பு அத்தாட்சியில் கண்ணகை, கலியாணப் பதிவில் வேறொன்று. எழுதினவர் கேட்டபடி எழுதியிருப்பார். ஒரு அம்மா இப்படித்தான் வந்தார். ஒரு பிளாஸ்டிக் பைக்குள் இன்னொரு பை, அதற்குள் ரப்பர் பட்டி போட்ட கடதாசிகள். எல்லாவற்றையும் மேசையில் பரப்பினோம். பல இடங்களுக்கு ஏறி இறங்கி, எல்லா இடத்திலும் “இது சரிவராது” என்று கேட்டுக் கேட்டு, இப்போது யார் என்ன சொன்னாலும் தலையாட்டுகிற நிலைக்கு வந்திருந்தார். நான் செய்தது பெரிதாக ஒன்றுமில்லை. கடதாசிகளைத் திகதி வாரியாக அடுக்கி, எந்தப் பெயர் எங்கிருந்து மாறியது என்று பார்த்து, கிராம உத்தியோகத்தரோடு கதைத்து, சத்தியக் கடதாசிக்கு என்ன எழுதவேண்டும் என்று எழுதிக் கொடுத்தேன். சில மாதம் கழித்து அவர் திரும்ப வந்தார். எந்தக் காரியமும் இல்லை. மேசைக்குக் கிட்ட வந்து, “காசு விழுந்திட்டு மகள். சொல்லிட்டுப் போவம் என்டுதான் வந்த” என்றார். பஸ் குறைவான ஊர் அது. அதைச் சொல்வதற்காக அரை நாளைச் செலவழித்திருக்கிறார்.

அன்றைக்கு வந்த சந்தோசம் ஒரு கிழமைகூட முழுதாக நிற்கவில்லை. அடுத்த திங்கள் மேலிடத்துக் கூட்டம், அவசரமாகக் கேட்ட அறிக்கை, பிழையாக வந்த பட்டியல் என்று எல்லாம் சேர்ந்து அமுக்கிவிட்டது. ஆனால் அது திரும்ப வந்தது. வேறொருவரின் காரியத்தில், வேறொரு மாதத்தில். நிலையான சந்தோசம் என்று யாராவது கேட்டால் நான் இதைத்தான் காட்டுவேன். இடைவிடாமல் எரிகிற ஒன்றை எந்த வேலையும் தராது. திரும்பத் திரும்ப வரக்கூடியதற்கு இடம் இருக்கிற வேலை, அப்படி இடமே இல்லாத வேலை என்று இரண்டு வகை இருக்கிறது. என் சம்பளமும் பதவியும் இரண்டு கந்தோரிலும் ஒன்றுதான்.

வேலை மாறினால் எல்லாம் சரியாகிவிடும் என்ற எண்ணத்தைப் பற்றி ஒரு விசயம். அமெரிக்காவில் மேலாளர்களை ஐந்து வருடம் தொடர்ந்து கவனித்த ஆய்வு ஒன்று 2005இல் வந்தது. வேலையை விடுவதற்கு முன் அவர்களின் திருப்தி கீழே கிடந்தது, புது வேலையில் சேர்ந்ததும் நன்றாக ஏறியது, பிறகு இறங்கியது. கலியாணமான புதுசு மாதிரி. ஆகவே நீங்கள் ஊருக்கு வந்த முதல் ஆறு மாதத்தில் உங்களுக்கு என்ன தோன்றினாலும் அதை வைத்து முடிவு சொல்லாதீர்கள்.

அடுத்தது, வேலையில் நம் சொல்லுக்கு எவ்வளவு இடம் இருக்கிறது என்பது. இதை நான் அப்பாவிடம் பார்த்தேன். எங்களுக்கு உன்னிச்சைக் குளத்துத் தண்ணீர் பாயும் வயல் வட்டையில் கொஞ்சம் காணி. அப்பா வாழ்நாள் முழுக்க வெள்ளாமைதான். இரவில் யானைக்காவல், விடிந்தால் வரம்பு, வெட்டுக்காலத்தில் மெஷின்காரருக்குப் பின்னால் அலைச்சல். இந்த வயதிலும் விதைப்பு நாள் வந்தால் முகம் மாறிவிடும். எந்த நெல் போடுவது, எந்த நாளில் எறிவது, எந்த வரம்பை வெட்டித் தண்ணீரை விடுவது என்பதெல்லாம் அவர் முடிவு. அவர் வேலையில் சந்தோசமாக இருந்தவர் என்று நான் தயங்காமல் சொல்வேன்.

2021இல் இரசாயனப் பசளை இறக்குமதியை நிறுத்தினார்கள். நவம்பரில் தடையை எடுத்தபோது பெரும்போகம் விதைத்தாயிற்று. அந்தப் போகத்தில் வழக்கமாக வருகிற மூடையில் பாதிகூட எங்களுக்கு வரவில்லை. நட்டத்தை அப்பா தாங்கிக்கொண்டார், நட்டம் அவருக்குப் புதிதில்லை. அவரால் தாங்கமுடியாதது வேறு. “எனக்கு யானைக்கும் பயமில்ல, மழைக்கும் பயமில்ல மகள். கொழும்பில ஆரோ வைக்கிற கையெழுத்துக்குத்தான் பயம்” என்றார். அந்த வருடம் அவர் வயலில் நின்றதைப் பார்க்க எங்களுக்கு மனம் பொறுக்கவில்லை.

லண்டனில் அரச ஊழியர் பத்தாயிரம் பேருக்கு மேல் சேர்த்து 1985இல் தொடங்கிய ஆய்வு ஒன்று இருக்கிறது. மைக்கேல் மார்மட் என்ற மருத்துவர் தலைமையில் நடந்தது. எல்லோரும் கந்தோர்களில் வேலை செய்தவர்கள், பட்டினி கிடந்தவர்கள் யாருமில்லை. அப்படியிருந்தும் பதவி இறங்க இறங்க இருதய நோய் கூடியது. அதற்குக் காரணங்களில் ஒன்றாக அவர்கள் கண்டது, தன் வேலையைத் தான் தீர்மானிக்கமுடியாத நிலை. வேலைப்பளுவைப் பற்றித்தான் நாம் எப்போதும் கவலைப்படுகிறோம். கட்டுப்பாடு இல்லாமையைப் பற்றி யாரும் நேர்முகப் பரீட்சையில் கேட்பதில்லை. கேட்கவேண்டும்.

இனி ஒரு எச்சரிக்கை. இதை எழுதாமல் விட்டால் நான் சொன்னதெல்லாம் பாதி உண்மையாகிவிடும். மருதமுனைக்குச் சாரன் எடுக்கப் போகும்போது ராத்தா என்று நாங்கள் கூப்பிடுகிற ஒரு முஸ்லிம் அக்கா வீட்டில்தான் எடுப்போம். அவர் குழித்தறியில் இருந்து நெய்வதைப் பார்த்துக்கொண்டே நிற்கலாம். கால் மிதியில், கை நாடாவில், கண் பாவில். ஒரு இழை அறுந்தால் தறி ஓடும் சத்தத்திலேயே அவருக்குத் தெரிந்துவிடும் போல, உடனே நிறுத்துவார். நூற்றுக்கணக்கான இழைகளுக்குள் விரலை ஓட்டி அறுந்ததை எடுத்து, முடிச்சுப் போட்டு, நகத்தால் ஒருமுறை தடவிப் பார்த்துவிட்டுத்தான் மீண்டும் மிதிப்பார். சின்ன வயதிலிருந்து செய்கிறார். “இந்த வேல எனக்கு ஒருநாளும் அலுத்ததில்ல” என்றார். அதே மூச்சில், “ஆனா என்ட மகளை இதுல இருத்தமாட்டன் தங்கச்சி. நூல் வெல ஏறுது, கூலி ஏறுதில்லயே” என்றும் சொன்னார்.

இரண்டும் உண்மை. அலுக்காத வேலை அவருக்கு இருக்கிறது. அந்த வேலை வயிற்றுக்குப் போதாது என்பதும் இருக்கிறது. வேலையில் மனம் நிறைகிறதே, பிறகு சம்பளம் எதற்கு என்று பேசுகிறவர்கள் மேல் எனக்குக் கோபம் வரும். ஆசிரியரிடமும் தாதியிடமும் நெசவாளியிடமும் முன்பள்ளிப் பிள்ளைகளைப் பார்க்கிற அக்காமாரிடமும்தான் இந்தப் பேச்சு அதிகம் வருகிறது. மனநிறைவு கூலியின் ஒரு பகுதி இல்லை. ஒருவர் தன் வேலையை விரும்புகிறார் என்பதைக் காரணம் காட்டி அவருக்குக் குறைவாகக் கொடுப்பது அநியாயம், அவ்வளவுதான்.

வேலையில் சந்தோசம் தேடாமலே சந்தோசமாக இருக்கிறவர்களும் உண்டு. பெரியப்பாவின் மகன், எனக்கு அண்ணா, மேசன் வேலைக்குப் போகிறவர். சீமெந்தும் மணலும் அவருக்குக் காசுக்கு மட்டும்தான். அவருடைய மனம் முழுக்க வடமோடிக் கூத்தில். ஆடுகிறவர்களுக்குச் சட்டம், அதாவது அவரவர் பாட்டு எழுதிய கொப்பி, கொடுத்த நாளிலிருந்து காலில் சதங்கை அணிகிற நாள் வரை, இரவு முழுக்கக் களரியில் ஆடிவிட்டு விடிய வேலைக்குப் போவார். அரங்கேற்றம் முடிந்தால் அடுத்த கூத்து எப்போது என்று காத்திருப்பார். அவரிடம் போய் உங்களுக்கு வேலையில் திருப்தி இருக்கிறதா என்று கேட்டால், கேள்வியே விளங்காது. அதில் ஒரு குறையும் இல்லை. எல்லோருக்கும் தொழிலே உயிராக இருக்கவேண்டும் என்பது படித்தவர்கள் ஒருவர்மேல் ஒருவர் போட்டுக்கொள்கிற பாரம் என்றுதான் எனக்குத் தோன்றுகிறது.

சரி, உங்கள் விசயத்துக்கு வருகிறேன். ஊருக்கு வர ஆசையிருந்தால் வாருங்கள். அம்மா அப்பாவுக்குக் கிட்ட இருப்பது, வாடகை இல்லாமல் வாழ்வது எல்லாம் சின்ன விசயம் இல்லை. ஆனால் அரச வேலை என்ற பெயருக்காக மட்டும் வராதீர்கள். கொழும்பில் உங்களை வெறுக்கவைத்தது எது என்று முதலில் பாருங்கள். வேலையா, மேலதிகாரியா, பஸ்ஸில் போகிற நேரமா, செய்தது யாருக்குப் போய்ச் சேர்ந்தது என்று தெரியாமலே போவதா? பஸ்தான் காரணம் என்றால் வேலையை விடத் தேவையில்லை, அறையை மாற்றினால் போதும். கடைசியாகச் சொன்னதுதான் காரணம் என்றால், அது இங்கேயும் உங்களைத் தேடி வரும்.

நீங்கள் நினைக்கிற பதவியில் இப்போது இருக்கிற ஒருவரைப் பிடித்து, “நேற்றுக் காலையிலிருந்து பின்னேரம் வரை என்ன செய்தீர்கள்?” என்று கேளுங்கள். ஒவ்வொரு மணித்தியாலமாகச் சொல்லச் சொல்லுங்கள். இன்னொருவரிடமும் கேளுங்கள், ஏனென்றால் ஒரே பதவி இரண்டு கந்தோரில் இரண்டு மாதிரி இருக்கும். ஓய்வூதியம், லீவு, லோன் பற்றியெல்லாம் கேட்காமலே சொல்வார்கள். இதை மட்டும் நீங்கள்தான் கேட்கவேண்டும்.