திமிங்கலப் புகைப்படம் அச்சிட்ட உடையைக் கைக்குழந்தைக்குப் போடலாமா?

தேவகோட்டையிலிருந்து ஒரு தம்பி கேட்டிருக்கிறார். வைகாசியில் குழந்தை பிறக்கப்போகிறது. திமிங்கலங்களின் நிஜப் புகைப்படம் அச்சிட்ட குழந்தை உடைகளை இணையத்தில் பார்த்து, அவருக்கும் மனைவிக்கும் ரொம்பப் பிடித்துவிட்டது. நம் ஊர் வெயிலுக்கு ஒத்துவருமா, அச்சு மை தோலுக்கு ஆகுமா, வீட்டில் ஆச்சி வேண்டாம் என்கிறார்களே என்ன செய்ய என்பது கேள்வி.

தாராளமாகப் போடலாம் தம்பி. ஆனால் படம் சின்னதாகவும் துணி பருத்தியாகவும் இருக்க வேண்டும். காரைக்குடியில் குழந்தை உடைக் கடை நடத்துகிறேன், தினமும் கையில் புழங்கும் விஷயம் என்பதால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

முதலில் ஆச்சி சொல்வதைக் கேளுங்கள். பிறந்த பிள்ளைக்குப் பழைய வேட்டி, பழைய நூல் சேலையைக் கிழித்துச் சுற்றுவது காரணமில்லாத வழக்கம் அல்ல. பல தடவை துவைத்த துணியில் கஞ்சியும் இருக்காது, சாயமும் இளகாது, பூப்போல இருக்கும். முதல் சில வாரங்கள் அதுவே போதும். படம் போட்ட சட்டையெல்லாம் அப்புறம். அதையும் இரண்டு தடவை அலசி, வழக்கம்போல ஓரத்தில் மஞ்சள் தொட்டு வைத்துப் போடுங்கள், ஆச்சிக்கும் மனசு நிறையும்.

இனி அச்சு. இணையத்தில் பார்த்த உடையில் கழுத்திலிருந்து கீழ்மடிப்பு வரை ஒரே கடலாக, பளீரென்று இருந்ததா? அப்படியானால் அது பெரும்பாலும் பாலியஸ்டர். சப்ளிமேஷன் என்ற முறையில், சூட்டில் ஆவியாகும் சாயம் பாலியஸ்டர் இழைக்குள் போய் உட்கார்ந்துகொள்ளும். அதனால்தான் அந்தப் பளபளப்பு. சுத்தப் பருத்தியில் அந்தச் சாயம் பிடிக்காது. பாலியஸ்டர் வியர்வையை உறிஞ்சாது. சித்திரை, வைகாசிப் புழுக்கத்தில் அதைப் போட்டால் கழுத்து மடிப்பிலும் முதுகிலும் வேர்க்குரு வர அதிக நேரம் ஆகாது. எவ்வளவு அழகாக இருந்தாலும் அது வேண்டாம்.

பருத்தியில் நீர் சார்ந்த மையால் அடித்த டிஜிட்டல் அச்சு நல்லது. படம் கொஞ்சம் மங்கலாகத்தான் தெரியும், அதனால் ஒன்றும் குறைவில்லை. துணியின் நிறத்தையும் பாருங்கள். கருநீலத் துணியில் படம் எடுப்பாகத் தெரிய வேண்டுமென்றால் அடியில் ஒரு வெள்ளை மைப் பூச்சு கொடுத்தாக வேண்டும், அந்த இடம் தடித்துப்போகும். வெள்ளை, சந்தன நிறத் துணியில் அந்தப் பூச்சு தேவையில்லை.

கடையில் நான் செய்து காட்டுவது இதுதான். படத்தின் மேல் ஒரு சொட்டுத் தண்ணீர் விடுவேன். சொட்டு முத்தாக அப்படியே நின்றால் மேலே பிளாஸ்டிக் போன்ற படலம் இருக்கிறது என்று அர்த்தம். பரவி உள்ளே இறங்கினால் துணி மூச்சு விடுகிறது. பிறகு இரண்டு கட்டைவிரலாலும் படத்தை இழுத்துப் பாருங்கள். வெடிப்பு விட்டால் அதை எடுக்காதீர்கள், பல் முளைக்கிற பிள்ளை அதைத்தான் கடிக்கும். ஈரமான வெள்ளைக் கைக்குட்டையால் தேய்த்தால் நிறம் ஒட்டக் கூடாது. துணியில் கெடுதல் செய்யும் ரசாயனம் இருக்கிறதா என்று சோதித்துத் தரும் ஓகோ-டெக்ஸ் ஸ்டாண்டர்ட் 100 சான்று இருந்தால் முதல் வகுப்பா என்று பாருங்கள், மூன்று வயது வரையுள்ள பிள்ளைகளின் உடைக்கான வகுப்பு அது.

கார்ட்டூன் திமிங்கலத்தைவிடப் புகைப்படம் மேல் என்பது என் உறுதியான எண்ணம். இந்தப் பிள்ளை பேச ஆரம்பித்ததும் சட்டையைத் தொட்டு "இது என்ன?" என்று கேட்கும். அப்போது உண்மையான ஒரு உயிரைக் காட்டிக் கதை சொல்லலாம். நீலத் திமிங்கலம் 30 மீட்டர் வரை வளரும், முகப்பு, வளவு, இரண்டாங்கட்டு என்று நீளும் நம் பெரிய வீடு ஒன்று நீந்திப் போவது மாதிரி. அதன் குட்டி பிறக்கும்போதே சுமார் 7 மீட்டர் இருக்கும், தாய்ப்பால்தான் குடிக்கும். இது எங்கோ தூரத்துக் கதையும் அல்ல. திருகோணமலையில் ஆழ்கடல் கரைக்கு வெகு அருகே வந்துவிடுவதால் அங்கே நீலத் திமிங்கலத்தைப் பார்க்கிறார்கள். 2016 ஜனவரியில் நம் தூத்துக்குடி மாவட்டத்து மணப்பாடு பக்கம் 80க்கும் மேற்பட்ட பைலட் திமிங்கலங்கள் கரை ஒதுங்கின. மீனவர்கள் தள்ளித் தள்ளிக் கடலில் விட்டும் பாதிக்கு மேல் செத்துப்போயின. அதை நினைத்தால் எனக்கு இப்போதும் மனசு ஆறவில்லை.

படத்தைத் தேர்ந்தெடுக்கும்போது ஒரு விஷயம். உடம்பெல்லாம் வெள்ளைப் புள்ளி போட்ட திமிங்கலச் சுறாவைத் திமிங்கலம் என்றே விற்கிறார்கள். அது மீன். வால் படுக்கையாக இருந்தால் திமிங்கலம், நிமிர்ந்து நின்றால் மீன்.

என் தேர்வு, தண்ணீரிலிருந்து வால் மட்டும் மேலே எழும் படம். ஹம்ப்பேக் திமிங்கலத்தின் வாலடியில் இருக்கும் கறுப்பு வெள்ளைக் கோலம் ஒவ்வொன்றுக்கும் வேறு. ஆராய்ச்சியாளர்கள் புகைப்படத்தில் அதைப் பார்த்தே இது இன்ன திமிங்கலம் என்று சொல்லிவிடுவார்கள். பிறந்த பிள்ளையின் கண்ணுக்கும் வெளிறிய நிறங்களைவிட இப்படிக் கறுப்பும் வெள்ளையுமாக எடுப்பாக இருப்பதுதான் தெரியும். கறுப்பு ஆகாது என்று ஆச்சி சொன்னால் கருநீலமாக அச்சடித்துக்கொள்ளலாம். பின்னணி வானமாக இருப்பதால் மையும் குறைவு.

நீங்களே அச்சடிக்கக் கொடுப்பதானால் கண்ட படத்தை இறக்கிக் கொடுக்காதீர்கள். நம் நாட்டில் புகைப்படத்துக்கு எடுத்தவரின் வாழ்நாள் முழுவதும், அவர் இறந்த பிறகு 60 ஆண்டும் பதிப்புரிமை உண்டு, எடுத்தவரிடம் அனுமதி கேட்க வேண்டும். அமெரிக்க அரசின் கடல் ஆய்வு அமைப்பான நோவா தன் ஊழியர்கள் எடுத்த படங்களைப் பொதுவாக எல்லோரும் பயன்படுத்த விட்டிருக்கிறது, பெயர் மட்டும் குறிப்பிடச் சொல்கிறார்கள்.

படம் உள்ளங்கை அளவில் நெஞ்சுப் பக்கம் வரட்டும். முன்னால் கயிறு கட்டும் சட்டை என்றால் ஒரு பக்கமாகத் தள்ளிப் போடச் சொல்லுங்கள், நடுவில் போட்டால் திமிங்கலம் இரண்டாகப் பிளந்துவிடும். முதுகில் வேண்டவே வேண்டாம், படுத்தே கிடக்கும் பிள்ளைக்கு அங்கேதான் வியர்க்கும். துவைக்கும்போது உள்பக்கம் திருப்பி, நிழலில் காயப் போடுங்கள்.