டைப் 2 சுகர் உள்ள அம்மாவுக்கு தைராய்டு டெஸ்டில் டிஎஸ்எச் 6.8 வந்திருக்கிறது. சுகரால் வந்ததா? உடனே மாத்திரை தொடங்க வேண்டுமா?

நீங்கள் எழுதியிருப்பது: அம்மாவுக்கு 63 வயது, பல வருடமாக சுகருக்கு மெட்ஃபார்மினும் கிளிமெபிரைடும் சாப்பிடுகிறார், எந்நேரமும் அசதி. ஃப்ரீ டி4 (தைராய்டு சுரக்கும் ஹார்மோன்) நார்மல், டிஎஸ்எச் (தைராய்டை வேலை வாங்கும் ஹார்மோன், தைராய்டு குறைந்தால் இது ஏறும்) மட்டும் கூடி 6.8. நான் டாக்டர் இல்லை, தண்டையார்பேட்டையில் மருந்துக்கடை நடத்தும் பார்மசிஸ்ட். சுகர் சீட்டும் தைராய்டு சீட்டும் ஒரே பையில் வருவதைத் தினமும் பார்க்கிறவன் என்ற முறையில் சொல்கிறேன்.

சுகரால் தைராய்டு வந்தது என்று சொல்ல முடியாது. டைப் 1 வேறு கதை. அதில் உடம்பின் எதிர்ப்பு சக்தியே கணையத்தைத் தாக்குகிறது. அதே தாக்குதல் தைராய்டு பக்கமும் திரும்பலாம் என்பதால் டைப் 1 தெரிந்ததுமே தைராய்டையும் பார்த்துவிடுவார்கள். டைப் 2இல் அப்படி நேரடியான தொடர்பு இல்லை. இரண்டுமே நம் ஊரில் அதிகம், இரண்டுமே வயது ஏற ஏறக் கூடும், அதிலும் தைராய்டு குறைபாடு பெண்களுக்குத்தான் அதிகம். ஒரே ஆளிடம் இரண்டும் சேர்வதில் ஆச்சரியம் இல்லை.

ஆனால் சேர்ந்துவிட்டால் சுகர் கணக்கு குழம்பும். தைராய்டு நன்றாகக் குறைந்தால் இன்சுலின் உடம்பை விட்டுப் போவது மெதுவாகும். கிளிமெபிரைடு போடுகிறவர்களுக்கு லோ சுகர் வர இது ஒரு காரணம். மூன்று மாச சராசரி டெஸ்ட் மட்டும் உள்ளதைவிடக் கூடுதலாகக் காட்டலாம், ஏனென்றால் புது ரத்த அணுக்கள் உருவாவது மந்தமாகி, பழைய அணுக்களே அதிகம் சுற்றிக்கொண்டிருக்கும். கெட்ட கொலஸ்ட்ராலும் ஏறும். தைராய்டு அதிகமானால் நேர் எதிர்: சுகர் ஏறும். அப்போது வரும் படபடப்பு, வியர்வை, கை நடுக்கம் எல்லாம் அச்சு அசலாக லோ சுகர் மாதிரியே இருக்கும். வீட்டில் குளுக்கோமீட்டர் இருந்தால் ஒரு சொட்டு ரத்தம் வைத்துப் பார்த்துவிடுங்கள். இல்லையென்றால் லோ சுகர் என்றே எடுத்துக்கொண்டு இனிப்பு கொடுப்பதுதான் பாதுகாப்பு.

சரி, 6.8க்கு வருவோம். டி4 நார்மலாக இருந்து டிஎஸ்எச் 10க்குள் இருந்தால், அதுவும் இந்த வயதில், பெரும்பாலான டாக்டர்கள் இரண்டு மூன்று மாதம் கழித்து மறுபடி பார்க்கத்தான் சொல்வார்கள். காய்ச்சல், காலில் புண், சுகர் எக்கச்சக்கமாக ஏறி அட்மிட் ஆன நேரம், இப்போதெல்லாம் எடுத்த தைராய்டு ரிப்போர்ட்டை நம்பி முடிவு எடுக்கக் கூடாது. அசதிக்கு வேறு காரணமும் இருக்கலாம். வருடக்கணக்கில் மெட்ஃபார்மின் சாப்பிட்டால் வைட்டமின் பி12 குறையலாம், ஒருமுறை அதையும் பார்க்கச் சொல்லுங்கள். என்னைக் கேட்டால் தைராய்டைவிட அதன் மேல்தான் எனக்குச் சந்தேகம்.

ஒருவேளை தைராய்டு மாத்திரை எழுதிக் கொடுத்தால், அதை எப்படிப் போடுகிறார் என்பதில்தான் பாதி விஷயம் இருக்கிறது. காசிமேட்டில் ஏலம் எடுத்து மீன் விற்கும் ஒரு அக்கா எங்கள் கடையில்தான் வாங்குவார். அவருக்கு தைராய்டு மாத்திரை டோஸ் 50, 75, 100 மைக்ரோகிராம் என்று ஏறிக்கொண்டே போனது, டிஎஸ்எச் இறங்கவே இல்லை. விசாரித்தால், விடியற்காலை ஏலக்கூடத்து டீக்கடையில் டீயோடு தைராய்டு மாத்திரையும் கால்சியம் மாத்திரையும் ஒன்றாக உள்ளே போகிறது! "காலையில வெறும் வயித்துலன்னு சொன்னாங்க, நானும் வெறும் வயித்துலதான் போடறேன் தம்பி" என்றார். அவர் சொன்னதில் தப்பே இல்லை, டீயை யார் சாப்பாட்டுக் கணக்கில் சேர்க்கிறார்கள்? எழுந்ததும் வீட்டிலேயே தண்ணீரோடு மாத்திரை, ஒரு மணி நேரம் கழித்து டீ, கால்சியம் ராத்திரிக்கு என்று மாற்றிக்கொண்டார். முக்கியமானது, மாற்றுவதற்கு முன் டாக்டரிடம் சொல்லச் சொன்னேன். பாதி மாத்திரை வீணாகும்போது ஏற்றிய டோஸ் முழுதாக உடம்பில் சேர்ந்தால் அதிகமாகிவிடும், சுகரும் சேர்ந்து ஏறும். டாக்டர் டோஸைக் குறைத்தார்.

கால்சியம், இரும்புச்சத்து மாத்திரை இரண்டுக்கும் தைராய்டு மாத்திரைக்கும் நான்கு மணி நேர இடைவெளி வேண்டும். இருதயப் பிரச்சினை ஏதாவது இருந்தால் முதலிலேயே சொல்லிவிடுங்கள், மிகக் குறைந்த டோஸில்தான் தொடங்குவார்கள். 2021இல் வந்த மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீட்டுக்கே மாத்திரை வருகிறதா? அது முக்கியமாக சுகருக்கும் பிபிக்கும். தைராய்டுக்கு வேறு டாக்டரிடம் காட்டினால் ஒருவர் கொடுத்தது இன்னொருவருக்குத் தெரியாமலே போகும். எல்லா மாத்திரை அட்டைகளையும் ஒரு பையில் போட்டு எடுத்துப் போங்கள்.

மாத்திரை தொடங்கினாலோ டோஸ் மாற்றினாலோ அடுத்த டிஎஸ்எச் ஆறு முதல் எட்டு வாரம் கழித்துப் பார்த்தால் போதும், அதற்கு முன் எடுப்பது காசுக்குத்தான் கேடு. அந்த நாட்களில் சுகரை மட்டும் அடிக்கடி பாருங்கள். அப்புறம், முடி கொட்டுகிறது என்று அம்மா பயோட்டின் மாத்திரை ஏதாவது சாப்பிட்டால் ரத்தம் கொடுப்பதற்கு இரண்டு நாள் முன்பே நிறுத்திவிடுங்கள். சில லேப் மெஷின்களில் அது டிஎஸ்எச்சைப் பொய்யாகக் குறைத்துக் காட்டும்.